சிற்றூர் நூலக இலக்கணம்: மூலமும் உரையும்

பாயிரம்

இலக்கண நூல் செய்வோர் ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்பது மரபு. மரபை மீற நமக்குத் துணிவில்லை. ஆக்கியோன் பெயர்: திறப்பு விழா அழைப்பிதழில் இடம் கிடைக்காதவர்களுள் ஒருவர். வழி: கிராம சபைத் தீர்மானங்களின் வழி. எல்லை: வடக்கே நெடுஞ்சாலை, தெற்கே ஏரி, கிழக்கே பால் சொசைட்டி, மேற்கே ரேஷன் கடை; அதற்கு அப்பால் பேரூராட்சி, அதன் இலக்கணம் வேறு. நூற்பெயர் மேலே உள்ளது. யாப்பு: ஏழு இயலும் ஒரு புறனடையும். நுதலிய பொருள்: தமிழ்நாட்டில் ஐந்நூறு வீடுள்ள ஓர் ஊராட்சி தனக்கென்று நூலகம் கட்டிக்கொள்ளும் முறை. கேட்போர்: தலைவர், துணைத் தலைவர், வார்டு உறுப்பினர், ஊராட்சிச் செயலர், ஓவர்சியர், கான்ட்ராக்டர், இவர்கள் அனைவரைப் பற்றியும் டீக்கடையில் கருத்துச் சொல்வோர். பயன்: கற்றவர் கட்டாமலே இருந்துவிடலாம்; கட்டினால் பூட்டாமல் இருக்கலாம்.

நூல் முதல், வழி, சார்பு என மூவகைப்படும். இது வழிநூல். முதனூலார் சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வகுத்து, 1933-இல் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டவர். அறிவுலகை ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐங்கூறாக்கி அடுக்கிக் காட்டியவரும் அவரே. அவர் நூல்களை வகைப்படுத்தினார். நூலகம் கட்டுவோரை வகைப்படுத்தாமல் விட்டுப்போனார். எஞ்சியதை நாம் எடுத்துக்கொண்டோம்.

1. கல்லியல்

அடிக்கல் பெயர்க்கல் திறப்புக்கல் எனக்
கல்லே மூவகைத்து, அவற்றுள்
நடுவணது பெரிதே.

உரை: இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், நூலகத்தின் முதற்கருவி உணர்த்துதல் நுதலிற்று. செங்கல்லும் கருங்கல்லும் கருவி அல்லவோ எனின், அவை எஸ்டிமேட்டில் மட்டும் இன்றியமையாதன.

அடிக்கல்லுக்கும் அஸ்திவாரத்துக்கும் தொடர்பில்லை. அது கண்மட்டத்தில் சுவரில் பதிக்கப்படும். சுவர் இல்லாதவிடத்து இரண்டு செங்கல்லின்மேல் சாய்த்து வைத்தாலும் அமையும். அவ்வாறு சாய்ந்த நிலையிலேயே இரண்டு ஆட்சிகளைக் கண்ட அடிக்கற்களும் உண்டு. பெயர்க்கல்லில் ‘மாண்புமிகு’ எனத் தொடங்குவது ஒரு முழம். ‘முன்னிலை’ அரை முழம். ‘தலைமை’ கால் முழம். ‘வரவேற்புரை’, ‘நன்றியுரை’ என்பன குற்றியலுகரம்போலக் குறுகி ஒலிக்கும். இப்படிப் பெயருக்கெல்லாம் மாத்திரை பிரிப்பதற்கு மூன்று மாதம் ஆவது உண்டு. கட்டடத்துக்கு வரைபடம் போடுவதற்கு அத்தனை நாள் ஆனதாகக் கேள்வி இல்லை. திறப்புக்கல்லுக்குத் திரை இன்றியமையாதது, திரைக்குக் கயிறு, கயிற்றுக்கு அதை இழுப்பவர், இழுப்பவருக்கு நாள் வாய்க்க வேண்டும். வேலை முடிந்த நூலகம் திறக்கப்படாமல் காத்திருக்கும் காரணம் பெரும்பாலும் இந்த நான்காவது.

அற்றேல், நூலகர் பெயர் கல்லில் வாராதோ எனின், நூலகர் மாற்றலுக்கு உரியவர், கல் மாற்றலுக்கு உரியதன்று. ஆதலின் வாராது என்க.

2. இடவியல்

புறம்போக்கு நத்தம் கொடைநிலம் வளாகமென்று
இடமே நான்கே, அவற்றுள்
மூன்றாவது வழக்குடைத்து.

உரை: புறம்போக்கு பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருக்கும். அதிலும் நீர்நிலைப் புறம்போக்கு தொடக்கூடாதது. தொட்டால் நீதிமன்றம் இடிக்கச் சொல்லும், சொல்வதற்கு முன்பே ஒரு நல்ல மழை இடித்துக் காட்டும். ஏரிக்கரைக் காற்று வாங்கிக்கொண்டே படிக்கலாம் என்று கிராம சபையில் சொல்பவர் பெரும்பாலும் படிப்பதில்லை.

நத்தம் ஊர் நடுவில் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலம். இடம் நல்லது, ஆனால் காலியாக இராது. காலியாகத் தெரிவது யாரோ ஒருவர் வைக்கோற்போர் போட்டுத் தலைமுறை தலைமுறையாக ஆண்டுவருவதாகவே இருக்கும்.

கொடைநிலம் ஒருவர் தம் தந்தையார் நினைவாகத் தருவது. தந்தையாருக்கு வேறு பிள்ளைகளும் உண்டென்பது அஸ்திவாரம் தோண்டும் நாளில் தெரியவரும். தானப்பத்திரம் பதிவாகி, பட்டா ஊராட்சி பெயருக்கு மாறாதவரை மண்வெட்டியைத் தொடலாகாது. இதைச் சொல்லாத இலக்கணம் இலக்கணம் அன்று.

வளாகம் என்பது பள்ளி வளாகமும் ஊராட்சி அலுவலக வளாகமும். பள்ளி வளாகத்தில் கட்டினால் பிள்ளைகள் வருவார்கள். பள்ளி மூடியதும் கேட்டும் மூடப்படும், பெரியவர்களுக்கு நூலகம் இல்லை. ஊராட்சி அலுவலகத்தோடு ஒட்டிக் கட்டினால், ஓர் அறை பற்றாதபோது நூலகம் கிடங்காகும். பிளீச்சிங் பவுடர் மூட்டையும் குழல்விளக்குப் பெட்டியும் நூல்களோடு தங்கும்.

இனி, நில ஆவணத்தில் எழுதப்படாத ஐந்தாம் இடம் ஒன்று உண்டு. அது ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் பொதுவான இடம். நூலகம் எந்தத் தெருவில் நிற்கிறது என்பதே யார் அதற்குள் வர மாட்டார் என்பதை முடிவுசெய்துவிடும். கோயிலை ஒட்டி, கூடம் தாண்டி, பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் திண்ணையைக் கடந்துதான் போக வேண்டுமென்றால், ஊரில் பாதிப்பேருக்கு அந்தக் கட்டடம் இல்லை. அலமாரி எத்தனை, மின்விசிறி எத்தனை என்றெல்லாம் எழுதும் திட்ட அறிக்கையில் இதற்கு ஒரு கட்டம்கூட இருப்பதில்லை. இரு பக்கத்தாரும் இயல்பாக வந்துபோகும் பேருந்து நிறுத்தமும் ரேஷன் கடைப் பக்கமும் இலக்கணம் வேண்டும் இடம். ரங்கநாதனும் தம் முதல் விதியை விளக்கும்போது, கடைக்காரர் ஆள் நடமாட்டம் பார்த்துக் கடை போடுவதைக் காட்டித்தான் நூலகத்துக்கு இடம் பார்க்கச் சொல்கிறார்.

3. கொடையியல்

திட்டம் தொகுதி புரவலர் பிறவூர்
வாழ்நர் என்றிவை நிதிவரு வாயில்;
ஆண்டுதோறும் வருவது அவற்றுள் இன்றே.

உரை: திட்டம் என்பது ஒன்றிய நிதி, ‘நமக்கு நாமே’ முதலாயின. பின்னதில் மக்கள் ஒரு பங்கு திரட்டினால் அரசு மறுபங்கை இடும். தொகுதி என்பது எம்.எல்.ஏ. நிதியும் எம்.பி. நிதியும். 1993-இல் தொடங்கிய எம்.பி. நிதியின் விதி ஒன்றை இங்கே உருப்போட்டுக்கொள்க: அது நிலையான சொத்து உண்டாக்குவதற்கு, சம்பளம், மின்கட்டணம் முதலான தொடர்செலவுக்கு ஆகாது. கட்டடம் தரும் கை நாளிதழுக்குக் காசு தராது.

புரவலர் என்பவர் ஆயிரம் ரூபாய் கட்டிப் பெயர்ப்பலகையில் ஏறுபவர். பிறவூர் வாழ்நர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்துகொண்டு, பொங்கலுக்கு வரும்போது ஊருக்கு ஏதாவது செய்ய நினைப்பவர். இவர்கள் நல்லவர்கள். இவர்களிடம் ஒரு குறை மட்டும்: எல்லாரும் வாசற்கதவு வாங்கித் தர விரும்புவர், கழிப்பறை கட்டித் தர ஒருவரும் முன்வரார்.

இவ்வகுப்பின் உலகத் தலைவர் ஆண்ட்ரூ கார்னெகி. 1883-இல் தாம் பிறந்த ஸ்காட்லாந்து ஊரான டன்ஃபர்ம்லினில் தொடங்கி, அவர் பணத்தில் எழுந்த நூலகங்கள் 2,509. அவர் விதித்த நிபந்தனை அவரது செல்வத்தைவிடப் பெரிது: நிலம் ஊர் தர வேண்டும், கட்டடத்துக்கு அவர் தரும் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஊர் தன் வரிப்பணத்திலிருந்து நூலகம் நடத்த ஒதுக்க வேண்டும். அந்த உறுதியைத் தராத ஊருக்குப் பணம் இல்லை.

நம் ஊர்க்கணக்கில் போட்டுப் பார்ப்போம். இருபது இலட்சம் ரூபாய்க் கட்டடம் என்றால், கார்னெகி விதிப்படி ஆண்டுக்கு இரண்டு இலட்சம். மாதம் பதினாறாயிரத்துச் சொச்சம். ஒருவருக்கு மெலிந்த சம்பளம், நான்கு நாளிதழ், மின்கட்டணம், கொஞ்சம் புத்தகம். அவ்வளவே.

நம்மிடமும் ஒரு பத்தில் ஒன்று உண்டு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது நிறைவேறிய 1948-ஆம் ஆண்டு மெட்ராஸ் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதற்கும் பின்னணியில் ரங்கநாதனே. அச்சட்டத்தின்படி சொத்துவரியோடு நூலக வரியும் உண்டு. இன்று அது ரூபாய்க்குப் பத்துக் காசு. வீட்டுவரி ரசீதைத் திருப்பிப் பார்க்காதவரும் அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். வீட்டுக்கு இருநூறு ரூபாய் வரி என்று கொண்டால், ஐந்நூறு வீட்டிலிருந்து நூலகத்துக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம். தேவை இரண்டு இலட்சம், வரவு பத்தாயிரம். சிற்றூர் தனியே நின்று நூலகம் நடத்த இயலாது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான நிறுவல் இல்லை. அதனால்தான் இவ்வரியெல்லாம் மாவட்ட நூலக ஆணைக்குழுவில் சேர்ந்து, அங்கிருந்து கிளைகளுக்குப் பாய வேண்டும் என்று சட்டம் வைத்தது. வசூலித்த உள்ளாட்சிகள் அதை ஒழுங்காகச் சேர்ப்பிக்காமல் நிலுவை வைப்பது நாளிதழ்களில் அடிக்கடி வரும் செய்தி. நூலகத்திலேயே உட்கார்ந்து படிக்கலாம்.

4. கட்டடவியல்

வரைபடம் வேறே கட்டடம் வேறே;
இரண்டும் ஒன்றெனல் மயக்கம் என்ப.

உரை: கட்டடம் முகப்புடையது, மாடியுடையது, இரண்டும் இல்லாதது என மூவகைப்படும். மூன்றாவதே சிறந்தது.

முகப்புடையதில் தூணும் வளைவும் பெரும்பங்கு சிமெண்டைத் தின்றுவிடும். இது நமக்கு மட்டும் உரிய நோயன்று. கார்னெகி தந்த பணத்தைக் கட்டடக்கலைஞர்கள் கூரைக் குவிமாடத்திலும் அகன்ற படிக்கட்டிலும் கரைப்பதைக் கண்டு பொறுக்காத அவருடைய செயலர் ஜேம்ஸ் பெர்ட்ராம், 1911-இல் சிறு குறிப்பேடு ஒன்றை அச்சிட்டு ஊர் ஊராக அனுப்பினார். உட்புறத்தை வெட்டவெளியாக விடுக. ஒருபுறம் பெரியவர், மறுபுறம் சிறுவர். நடுவே இருக்கும் ஒரே நூலகர் எல்லாரையும் பார்க்கும்படி மேசையைப் போடுக. சன்னல்களை உயரத்தில் வைத்து அவற்றின் கீழே அலமாரிக்குச் சுவரை விடுக என்பன அதன் சாரம். ஒரே ஆள்தான் இருப்பார் என்று எண்ணிக் கட்டடம் வரைந்த அந்தச் சிந்தனை, ஒரே ஆள்கூட இராத நம் ஊர்களுக்கு இன்னும் பொருந்தும்.

மாடியுடையது ‘கீழே கடை, மேலே நூலகம்’ என்னும் வருமானக் கொள்கையில் பிறப்பது. இதில் இரு வழு உண்டு. முதியவர் ஏற மாட்டார் என்பது ஒன்று. மற்றொன்று சுமை. இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875-இன் இரண்டாம் பகுதி, வீட்டுத்தளம் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 200 கிலோ தாங்கினால் போதும் என்கிறது. நூல் அடுக்கும் அறைக்கு 6 கிலோநியூட்டன், அலமாரி 2.2 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் அதற்குமேலும். வீட்டுக்கு வார்க்கும் தளத்தின்மேல் நூலகம் வைப்பது, கீழே கடை வைத்திருப்பவருக்குச் செய்யும் துரோகம். அறிவு கனமானது என்று மேடையில் சொல்பவர் இந்தக் கணக்கைக் கேட்டிரார்.

மேற்குச் சுவரில் சன்னல் வைத்தால் மாலை வெயில் நேரே அட்டைகளின்மேல் விழுந்து, இரண்டு கோடையில் எல்லா நூலும் ஒரே நிறமாகும். வடக்கு வெளிச்சமே நல்லது. அஸ்திவாரத்திலேயே கறையான் மருந்து விட்டாக வேண்டும். விட்டதாக ‘எம் புக்’ என்னும் அளவுப் பதிவேட்டில் எழுதப்படுவதும் உண்மையில் விடப்படுவதும் வேறுவேறு என்பது மேல் நூற்பாவால் கொள்ளப்படும்.

5. நூலியல்

வாங்கிய கொடுத்த வந்துசேர்ந் தனவென
நூலே மூவகை, படிப்பன வேறே.

உரை: வாங்கியன நூலக ஆணை வழியாக வருவன. பதிப்பாளர்கள் மழையைவிட அதிகமாக எதிர்பார்ப்பது இந்த ஆணையைத்தான். 1972-இல் கொல்கத்தாவில் நிறுவப்பட்ட ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை வழியாக வருவனவும் இதிலடங்கும்.

கொடுத்தன நன்கொடை. அவை: பத்தாண்டுக்கு முந்தைய பொறியியல் நுழைவுத்தேர்வுக் கைடு, முதற்பக்கம் கிழிந்த ஆங்கில அகராதி, திருமணத் தாம்பூலத்தோடு தந்து மிஞ்சிய திருக்குறள் கட்டு, ஊர்ப்பெரியவர் ஒருவர் தம் செலவில் அச்சிட்ட கவிதைத் தொகுதி, படி ஐம்பது. கடைசி வகையைத் திருப்பி அனுப்ப இயலாது. அவர் நிலம் கொடுத்தவராகவும் இருப்பார்.

வந்துசேர்ந்தன எப்படி வந்தன என்று அறியப்படாதவை. பக்கத்து ஊர்க் கிளை நூலகத்தின் முத்திரை தெளிவாகத் தெரியும். அவற்றைப் பற்றி மேலும் ஆராய்தல் மிகை.

படிப்பன எவை எனின், நாளிதழ், வார இதழ், படக்கதை, சமையற் குறிப்பு, துப்பறியும் நாவல், போட்டித் தேர்வு நூல் என்ப. பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில் வைத்தவை கிழியும். எட்டாத உயரத்தில் வைத்தவை கிழியாமல் புழுதி ஏறும். கிழிந்த நூலே வேலை செய்த நூல் என்பது துணிபு. தணிக்கையாளர் இதை ஏற்க மாட்டார்.

6. வாசகரியல்

எழுத்து நிழலே காற்றே மின்னென்று
இவைநாடி வருவோர் யாவரும் வாசகர்.

உரை: எழுத்து நாடுவோருள் முதல்வர் நாளிதழாளர். ஒரு தினத்தந்தியை நான்காகப் பிரித்து நால்வர் படிப்பர். நடுத்தாளை வைத்திருப்பவரே அன்றைய அதிகாரி. இரண்டாமவர் தேர்வர். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 அறிவிப்பு வந்த அன்றே நாற்காலிகள் நிரம்பும். இவர் நூலகத்து நூலைத் தொடுவது அரிது. தம் பையிலிருந்து பள்ளிப் பாடப்புத்தகங்களை எடுத்து விரிப்பார். இவர் வாசகரா எனக் கேட்போருண்டு. வீட்டில் மேசை இல்லாத, அமைதி இல்லாத, விளக்கு இல்லாத ஒருவருக்கு அம்மூன்றையும் தருவதே நூலகம் ஆதலின், இவரே தலைமை வாசகர் என்க.

நிழல் நாடுவோர் பேருந்துக்குக் காத்திருப்பவர். காற்று நாடுவோர் மின்விசிறிக்கு நேர்கீழே நாற்காலியை நகர்த்துபவர். மின் நாடுவோர் கைப்பேசிச் சார்ஜர் கொண்டுவருபவர். இம்மூவரையும் விரட்டலாகாது, மழைக்கு ஒதுங்கியவன் அலமாரியைப் பார்த்துவிட்டு மறுநாள் வருவதும் உண்டு.

வராதவர் ஒரு வகுப்பு உண்டா எனின், உண்டு, அதுவே பெரிது. அதில் பெண்கள் மிகுதி. காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை திறந்தால், அந்நேரம் அவர்கள் வயலில் இருப்பர், நூறு நாள் வேலையில் இருப்பர், அடுப்படியில் இருப்பர். கழிப்பறை இல்லாத நூலகத்தில் பெண்பிள்ளை ஒரு மணி நேரத்துக்குமேல் உட்கார மாட்டாள். ‘எங்க ஊர்ப் பொம்பளைங்களுக்குப் படிக்கிற பழக்கம் இல்ல’ என்று கூட்டத்தில் சொல்பவரிடம், திறக்கும் நேரத்தையும் கழிப்பறையையும் முதலில் கேட்க.

கறையானும் இராமபாணப் பூச்சியும் வாசகரோ எனின், அடியிலிருந்து முடிவரை விடாது செல்வன ஆதலின் அவற்றை விலக்க இலக்கணத்தில் இடமில்லை, மருந்துதான் விலக்கும்.

7. ஒழிபியல்

கூறா தொழிந்தன மூன்றே, அவைதாம்
திறப்பவர், திறக்கும் நேரம், மின்கட்டணம்.

உரை: மற்ற இயல்களில் அடங்காதவற்றைக் கடைசியில் தொகுத்துத் தருவது இலக்கண ஆசிரியர் வழக்கம். நாம் இம்மூன்றையும் கடைசியில் வைத்தது மரபு பற்றி; திட்ட அறிக்கைகளும் அங்கேதான் வைக்கின்றன, வைத்தால்.

திறப்பவர் முழுநேரம், பகுதிநேரம், தொகுப்பூதியம், மதிப்பூதியம், ‘பாத்துக்கிடுறேன்’ என ஐவகை. கடைசி வகையினர் பக்கத்து வீட்டுக்காரர். சாவி அவரிடம் இருக்கும், அவர் உறவினர் கல்யாணத்துக்குப் போயிருப்பார்.

2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம், ஊராட்சிக்கு ஒரு நூலகக் கட்டடம் என்று, ஐந்தாண்டுக்குள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளை எட்டியது. இத்தனை சிற்றூர்களை ஒரே வீச்சில் நினைத்த நூலகத் திட்டம் அரிது. கட்டடமும் வந்தது, அலமாரியும் வந்தது, நூலும் வந்தது. திறப்பவருக்குச் சொற்ப மதிப்பூதியமே வாய்த்தது. அது நின்ற ஊர்களில் கதவும் நின்றது. பல கட்டடங்கள் பூட்டியபடியே பழையதாயின, சில கிடங்காயின. குறை சிமெண்டில் இல்லை. கட்டுவதற்கு ஒருமுறை வரும் பணத்தைக் கண்டுபிடித்த நாம், நடத்துவதற்கு மாதாமாதம் வேண்டிய பணத்தை ஒழிபியலில் தள்ளினோம்.

ரங்கநாதன் தம் முதல் விதியின் கீழ் பேசியவை இடம், நேரம், இருக்கை, ஆள். கல்லைப் பற்றி அவர் பேசவில்லை. ஆகவே கட்டப் புகும் ஊர் இவ்வரிசையில் தீர்மானம் எழுதுக: மாதச் செலவு எவ்வளவு, அது எங்கிருந்து வரும், யார் திறப்பார், மாலை எத்தனை மணிவரை திறந்திருக்கும். இந்நான்குக்கும் விடை எழுதி மாவட்ட நூலக ஆணைக்குழுவின் ஒப்புதலைப் பெற்றபின் இடம் பார்க்க, இடம் பார்த்தபின் வரைக, வரைந்தபின் கட்டுக, கட்டி ஓராண்டு திறந்திருந்தால் கல் வைக்க.

புறனடை

இவ்விதி பற்றா நூலகம் உளவெனின்
அவற்றைத் தள்ளற்க, அவையே நூலகம்.

உரை: ஐந்து விதிகள் வெளியான அதே 1931-இல், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல் ஏற்றிச் சுற்றூர்களுக்கு அனுப்பினார். அடிக்கல் இல்லை, நிலவழக்கு இல்லை. எந்தத் தெருவில் நிற்பது என்ற சிக்கலுக்கு, எல்லாத் தெருவிலும் நிற்பது என்பதே விடையாயிற்று. யாழ்ப்பாணத்தில் க.மு. செல்லப்பா 1933-இல் தம் வீட்டிலிருந்தே நூல்களை இரவல் தரத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது குழு ஒன்றின் பொறுப்பில் ஒற்றை அறை நூலகமாயிற்று. ஊரார் பணம் திரட்டி, ரங்கநாதனிடம் யோசனை கேட்டு எழுப்பிய பெருங்கட்டடம் 1959-இல்தான் திறந்தது. 1981-இல் அது எரிக்கப்பட்டதும் பின்னர் மீண்டும் எழுந்ததும் வகைப்படுத்தி விளையாடக்கூடிய செய்திகள் அல்ல. இந்நூல் அவற்றின்முன் நின்றுவிடுகிறது.

இவ்விரு சான்றிலும் நூல் தருபவர் முன்னே, கட்டடம் பின்னே. மேலவாசல் வண்டிக்குக் கட்டடம் வேண்டியிருக்கவே இல்லை. யாழ்ப்பாணத்தில் கால்நூற்றாண்டு கழித்து வந்தது. நூலகம் நடந்துகொண்டிருந்த ஊர் தனக்கு வேண்டிய கட்டடத்தைத் தானே கேட்டு வாங்கியது. ஏழு இயலையும் படிக்க நேரமில்லாத தலைவர் இப்புறனடையை மட்டும் படித்து, ஊராட்சி அலுவலகத்தில் ஒரு மேசை, ஓர் அலமாரி, மாலை ஐந்து முதல் எட்டு வரை சம்பளத்துக்கு ஓர் ஆள் என்று அடுத்த மாதமே தொடங்கிவிடலாம். எஸ்டிமேட் தேவைப்படாது. கான்ட்ராக்டர் மட்டும் வருந்துவார். அவருக்கு ஒரு கல்வெட்டு வேலை பின்னால் தரலாம்.